அத்தை எழுதிய வாசிப்புத் தேர்வு

என் மாமியார் என் வகுப்பில் வந்து உட்கார்ந்த அன்று பாடம் பாதியில் நின்றது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில், கதவை ஒட்டி, புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வாங்க என்று கூப்பிடுவதா, கவனிக்காததுபோல இருந்துவிடுவதா என்று தெரியாமல் மறுபடி பலகைப் பக்கம் திரும்பி, எழுதிய எழுத்தையே இன்னொரு தடவை எழுதினேன்.

முத்துப்பேட்டையிலிருந்து கடல் பக்கம் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். கல்யாணமாகி வந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. கணவர் கடலுக்குப் போகிறவர். மாமியார் காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, பஸ் ஏறி, திருத்துறைப்பூண்டித் தெருக்களில் விற்றுவிட்டு மத்தியானம் திரும்புவார். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சாயங்காலத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியர் என்னைத்தான் கேட்டார். சம்பளம் கிடையாது. முடிவில் அரசாங்கமே ஒரு தேர்வு வைக்கும், எல்லா ஊருக்கும் ஒரே கேள்வித்தாள். காசில்லாத வேலைக்கு மருமகள் எதற்குப் போகவேண்டும் என்று மாமியார் கோபப்பட்டார். என் கணவர் எனக்காகப் பேசினார். கடைசிவரை மாமியார் சரி என்று சொல்லவில்லை; வேண்டாம் என்று சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

அப்படிப்பட்டவர் தானாகவே வந்து உட்கார்ந்ததும் நான் பயந்துபோனேன். அதன் பிறகு தினமும் வந்தார்; வகுப்பு முடிந்ததும் எனக்கு முன்னால் நடந்து வீட்டுக்குப் போய்விடுவார். வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. நானும் கேட்டதில்லை.

ஆனால் நன்றாகப் படித்தார். அவர் முறை வந்தால் பாடத்தைத் தட்டுத் தடுமாறாமல் சொல்லிவிடுவார். மற்ற பெண்கள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் இப்படிப் படிக்கிறாரே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு மாதிரிக் கேள்வித்தாள் வந்தது. யாரும் பார்த்திராத ஒரு சின்னப் பத்தி, கீழே சில கேள்விகள், சரியான விடையை வட்டமிடவேண்டும். அன்றைக்கு வழக்கமான பாடத்தை வாசிக்கும்போதுதான் அவர் விரலைக் கவனித்தேன். குரல் பாடத்தின் முடிவுக்குப் போய்விட்டது. விரல் முதல் வரியிலேயே நின்றது.

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள, அதே பாடத்தின் வாக்கியங்களை முன்பின்னாக மாற்றிப் பலகையில் எழுதிவிட்டு அவரைப் படிக்கச் சொன்னேன். புத்தகத்தில் இருந்த வரிசையிலேயே கடகடவென்று சொன்னார்.

முன் வரிசையில் இருந்த ஒரு பெண் சிரித்துவிட்டாள். "போர்டுல அது இல்லக்கா," என்றாள். இன்னும் சிலர் சிரித்தார்கள். மாமியார் பலகையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, வாசலில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. என்னிடம் பேசவும் இல்லை. சோறு போட்டுத் தட்டை என் முன்னால் வைப்பார். குழம்பு வேண்டுமா என்பதைக்கூடக் கணவர் வழியாகத்தான் கேட்பார். இதற்கிடையில் இந்த வகுப்புகளுக்கான மேற்பார்வையாளர் போன் செய்து, பெயர் கொடுத்த எல்லாரும் தேர்வுக்கு வந்தே ஆகவேண்டும், ஆள் குறைந்தால் நான்தான் பதில் சொல்லவேண்டும் என்றார். கணவரிடம் அம்மாவிடம் பேசிப் பார்க்கச் சொன்னேன். "நான் கேட்டா நீ சொல்லிவுட்டன்னுதான் நெனைக்கும். நீயே கேளு," என்று நழுவிவிட்டார். கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. தேர்வு நெருங்கிக்கொண்டே இருந்தது.

ஒரு மத்தியானம் கொல்லையில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். வியாபாரத்துக்குப் போய் வந்தவர் கைகால் கழுவிவிட்டு என் எதிரில் உட்கார்ந்து, அவரும் ஒரு பிடி இறாலை அள்ளிக்கொண்டார்.

"அன்னிக்கு வேணும்னேதான் மாத்திப் போட்டியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமாங்க அத்தை," என்றேன்.

"எதுக்கு?"

"பரீட்சையில நம்ம பாடம் வராதுங்க. எதை வேணும்னாலும் போடுவாங்க. நீங்க மத்தவங்க படிக்கிறத காதுல வாங்கி மனப்பாடமா சொல்றீங்கன்னு தோணுச்சு."

அவர் உரித்துக்கொண்டே இருந்தார். தலை நிமிரவில்லை. "அத எல்லாரு முன்னாடியும் வச்சுத்தான் பாக்கணுமா?"

நான் அடுத்த இறாலை எடுத்தேன். இறால் தீர்ந்ததும் எழுந்தார். "நாளையிலேர்ந்து இங்கயே சொல்லிக் குடு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட அது கடினமாக இருந்தது. கொம்பு வைத்த எழுத்தெல்லாம் அவருக்கு எதிரி. 'கொ' என்பதில் முதலில் கொம்பு, நடுவில் க, கடைசியில் கால்; எதை முதலில் சொல்வது என்று திணறி, கோபத்தில் தாளை வீசுவார். வீசிய தாளை எடுத்து வைக்க நானும் போகமாட்டேன், அவரும் எடுக்கமாட்டார். இருவரும் அப்படியே உட்கார்ந்திருப்போம். வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் முதல் சொல் மறந்துவிடும். பத்தியைப் படித்தாலும் கேள்விக்கு விடை தெரியாது. நான் போனில் நேரம் பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் கிடைத்தால் போதும் என்று எனக்கு இருந்தது. கிடைக்கவில்லை.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். மேற்பார்வைக்கு வேறு பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் வந்திருந்தார். சொல்லிக்கொடுத்தவர்கள் உள்ளே இருக்கக் கூடாது என்பதால் நான் வெளியே ஜன்னல் அருகில் நின்றேன். தாளைக் கொடுத்துவிட்டு, தெரியாததைப் பக்கத்தில் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம், யாரும் பயப்படவேண்டாம் என்று அந்த ஆசிரியரே சொல்லிவிட்டார். எல்லாரும் ஒருவர் பக்கம் ஒருவர் சாய்ந்தார்கள். அன்றைக்குச் சிரித்த பெண் தன் தாளை என் மாமியார் பார்க்கும்படி நகர்த்தி வைத்தாள். அவர் இடது கையால் தன் தாளை மறைத்துக்கொண்டார்.

படகுகள் வந்துவிட்டன என்று யாரோ சொன்னதும் பெண்கள் ஒவ்வொருவராகத் தாளைக் கொடுத்துவிட்டு ஏலத்துக்கு ஓடினார்கள். மாமியார் மட்டும் உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்தது. விரல் ஓர் இடத்தில் நின்று, பின்னால் வந்து, மறுபடி அங்கேயே போய் நின்றது. எந்த எழுத்தில் நிற்கிறார் என்று தெரியாமல் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர் வெளியே வந்தார். "உங்க மாமியாராமே? பாதிகூட போடல. நீங்க உள்ள வந்து சொல்லிக் குடுத்துடுங்களேன், நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

உள்ளே பார்த்தேன். அவர் காதிலும் விழுந்திருக்கிறது. என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

"இல்ல சார். அவங்களே எழுதட்டும்," என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஊரில் எல்லாரும் தேறி, இவர் மட்டும் தேறாமல் போனால் அந்த வீட்டில் நான் எப்படி இருப்பது?

நேரம் முடிந்து தாளை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் மாமியார், "ஏலம் முடிஞ்சிருக்கும்," என்றார். அன்று அவர் மீன் எடுக்கவில்லை.

சான்றிதழ்கள் நெடுநாள் கழித்து வந்தன. தலைமையாசிரியர் கட்டாகக் கொடுத்ததை அங்கேயே நின்று புரட்டினேன். எல்லாருக்கும் தேர்ச்சி. என் மாமியாருடையதில் மட்டும், வாசிப்புக்கு நேராக வேறு மாதிரி போட்டிருந்தது. அதைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டுப் போகலாமா என்றுகூட யோசித்தேன். வீட்டுக்கு வந்ததும் எதுவும் சொல்லாமல் நீட்டினேன்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் போய் நின்றார். தன் பெயரைக் கண்டுபிடித்தார். விரல் கீழே இறங்கியது.

"மே... லும்... ப... யி... பயிற்... சி..."

நான் அவர் விரலையே பார்த்தேன்.

"தே... வை." முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்து, இந்தத் தடவை நிற்காமல் படித்தார். "மேலும் பயிற்சி தேவை." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எனக்கு மட்டுந்தான் இப்படியா?"

"ஆமாங்க அத்தை."

"அவளுங்களுக்கு என்ன போட்டிருக்குன்னு அவளுங்க படிச்சிட்டாளுங்களா?"

இனிமேல்தான் கொடுக்கவேண்டும் என்றேன். கொடுத்தால் பலர் என்னையே படித்துக் காட்டச் சொல்வார்கள் என்பதைச் சொல்லவில்லை. அவர் விரல் மறுபடி அந்த வரியில் ஓடியது.

"அடுத்த பரீட்சை எப்பன்னு வாத்தியார்கிட்ட கேட்டு வை," என்றார் கடைசியில். "அன்னிக்கு நீ உள்ள வந்திருந்தா, தாளக் கிழிச்சிட்டு வந்திருப்பேன்."

கேட்டு வைக்கிறேன் என்றேன். அவர் அடுப்படிக்குப் போனார். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.