அடம்புக் கொடி

அந்த வாட்ச்மேனுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. காக்கிச் சட்டை, முட்டிவரை மடித்த பேன்ட், செருப்பில்லாத கால். வாசலில் சேரும் மணலை ஓயாமல் கூட்டிக்கொண்டே இருந்தார்.

நீலாங்கரையில் கடலோர பங்களா அது. பின்னாலிருந்த மணல்மேட்டில் படர்ந்த அடம்புக் கொடியைப் பிடுங்க, தாம்பரத்திலிருந்து கூலிக்குப் போயிருந்தேன்.

"இன்னாண்ணா, இதைப் போயி புடுங்குறே? காத்து மணலைத் தூக்கினு வரும், கொடி புடிச்சிக்கும். மணல் மூட மூட அது மேல ஏறும். அப்டி வளந்த மேடுண்ணா இது. கொடி போச்சுன்னா மேடு வூட்டுக்குள்ள வந்து குந்திக்கும்."

"ஓனர் சொன்னாரு" என்றேன்.

"நான் சொன்னா என் வேலைதான் போவும்."

நான் பிடுங்கிக்கொண்டே போனேன். அவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார். நான் எறிந்த கொடிகளின் இலைகளை உருவிவிட்டு, தண்டுகளை மட்டும் ஈரமணலில் புதைத்தார். மேலே ஒன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் ஓனர் வந்தார். "எல்லாம் வேரோட எடுத்தாச்சா?"

வாட்ச்மேன் என்னையே பார்த்தார்.

"எடுத்தாச்சு சார்" என்றேன்.

காற்று பலமாக வீசினால் இப்போதும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. மேடு நகர்வதற்குள் அந்தத் தண்டுகள் வேர் பிடித்தனவா, தெரியவில்லை.