டூப் போடாத நடிகர்

அந்த வெளிநாட்டு நடிகர் இறந்துவிட்டார். குதிரைக் காட்சிகளில் டூப்பே போடாதவர் என்று நேற்று டிவியில் புகழ்ந்தார்கள். பொய். இங்கே எடுத்த படத்தின் குளம்புச் சத்தம் கேட்டதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

கொடைக்கானல் ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களுக்குக் குதிரை விட்டுவந்த என் அப்பா, செண்பகனூர் வீட்டு வாசலில் நிற்கிறார். பிடரியிலும் கைகளிலும் வெள்ளைச் சாயம். மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டே அம்மா கேட்கிறாள்:

“தொரைக்குச் சோறா, ரொட்டியா?”

“சிரிக்காத புள்ள. அந்தாளு குதிரையக் கண்டாலே நடுங்குறான். மூஞ்சி தெரியாம என்னைய ஓட்டச் சொன்னாங்க.”

மூன்றாம் நாள் சரிவில் குதிரையோடு விழுந்தார். இடது கால் கடைசிவரை மடங்கவில்லை.

நேற்று அந்தக் காட்சியையும் போட்டார்கள். உருண்டு விழுகிறார் அப்பா. அடுத்த நொடியே கோட்டில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டுச் சிரித்தபடி எழுகிறார் நடிகர்.