கப்பிக்கென்று திறந்து வைத்த தண்ணீர்

காய்ச்சல் இறங்கிய அன்றுதான் என் மனைவி வளர்மதிக்கு ஆபத்து தொடங்கியது. டெங்கு வந்த வீட்டில் இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அருப்புக்கோட்டையில் ரத்தம் பார்த்த டாக்டர் என்னிடமும் சொல்லித்தான் அனுப்பினார், காதில் ஏறவில்லை. நெற்றி குளிர்ந்துவிட்ட நிம்மதியில் கப்பி மீன்களுக்கு இரை போட மாடிக்குப் போனேன். இறங்கி வந்தபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

பாளையம்பட்டியில் எங்களுக்குச் சின்னக் கடை, அதற்கு மேலேயே வீடு. குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். வந்தாலும் குளோரின் வாடை அடிக்கும். அப்படியே ஊற்றினால் கப்பி செத்துவிடும். அதனால் மொட்டை மாடியில் ஒரு டிரம்மில் பிடித்து, மூடாமல் சில நாள் வைத்திருப்பேன். அதில் கொசுப்புழு நெளியும். வடிகட்டி மீனுக்குப் போட்டால் வால் விரியும், நிறம் ஏறும். நீலமும் சிவப்புமாகக் குஞ்சுகள் பெருகியதில் எனக்கு அவ்வளவு பெருமை. டிரம்மை மூடுங்கள் என்று வளர்மதி எத்தனையோ முறை சொன்னாள். மூடினால் புழு ஏது என்று சிரித்தேன். வடிகட்டியில் சிக்காத புழு என்ன ஆகும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) மளமளவென்று குறைந்தன. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது, இப்போதைக்கு எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அங்கிருந்த டாக்டர். பிறகு கேட்டார்.

"வீட்ல தண்ணிய எதுல புடிச்சு வைக்கிறீங்க?"

டிரம்மில் என்றேன். திறந்தா வைத்திருந்தீர்கள், எதற்கு என்றார். கட்டிலில் கிடந்த வளர்மதிதான் சொன்னாள்.

"மீனுக்கு சார். இவுக ஆசையா வளக்குறாக."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை அவள். பெருமையாகத்தான் சொன்னாள். அதற்குப் பதில் என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. படியேற மூட்டு ஒத்துழைக்கவில்லை. மீன்களை யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மாடியேறினாள். தன் பழைய சேலையைக் கிழித்து டிரம்மின் வாயில் இறுக்கிக் கட்டினாள்.

"இம்புட்டுத்தானங்க. மீனு என்ன பாவம் செஞ்சுச்சு?"

இம்புட்டுத்தான். ஒரு முழம் துணி. அதைக்கூட நான் செய்யவில்லை.

முன்பெல்லாம் சினை மீன் எப்போது குஞ்சு போடும் என்று நாளை எண்ணிக்கொண்டிருப்பேன். இப்போது அவள் மத்தியானம் கண்ணயர்ந்தால் கடையை விட்டுவிட்டு மேலே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். சுட்டால் பயம். குளிர்ந்திருந்தால் அதைவிடப் பயம். கையை எடுக்காமல், அவள் விழிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.