அடைப்புக்குறிக்குள் இருந்த நட்டம்

கம்பனிகளின் ஆண்டறிக்கைகளை வாசிப்பது என் தொழில். இதே தொழிலில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களே, கோபத்தை நீங்கள் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள்?

இலவசம்

பதுளையில் ஒரு தொழிற்சங்கத்தின் மாடியறையில் உட்கார்ந்திருக்கிறேன். பங்குச் சந்தையின் இணையத்தளத்திலிருந்து தோட்டக் கம்பனிகளின் அறிக்கைகளைத் தரவிறக்கி, எண்களை அட்டவணையாக்குவதற்கு ஒரு திறந்த மூல மென்பொருள் வைத்திருக்கிறேன்.

ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செல்வராணி வந்தார். தோட்டத்து வரிசை வீடான அவருடைய லயத்தின் கூரை ஒழுகுகிறது. நட்டத்தில் ஓடுவதால் தகரம் மாற்ற முடியாதென்று கம்பனி சொல்லிவிட்டதாம். அது உண்மையா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த மென்பொருளை யாருக்கும் இலவசமாகத் தருகிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன்.

"சும்மா குடுக்கிறது ஒழுங்கா இருக்குமாங்க சார்? எங்க லயத்தையும் சும்மாதான் குடுத்தாங்க."

மூன்று வருட லாபம்

மூன்று வருடமும் லாபம் என்றது என் அட்டவணை. அச்சடித்து எடுத்துக்கொண்டு செல்வராணியோடு தோட்டத்தை நடத்தும் துரையின் ஆபீசுக்குப் போய் மேசையில் போட்டேன். துரை ஆண்டறிக்கையைத் திறந்து அதே எண்களைக் காட்டினார். மூன்றும் அடைப்புக்குறிக்குள் இருந்தன. நட்டத்தை அப்படி எழுதுவதுதான் கணக்காளர் வழக்கம். எண் அல்லாத எல்லாவற்றையும் துடைக்கச் சொல்லி மென்பொருளில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அது அடைப்புக்குறியைத் துடைத்தது, நட்டம் லாபமாகிவிட்டது. அந்த வரியை எழுதியவன் நான். ஐம்பது வயது தாண்டியும் சரிபார்க்காமல் கிளம்பியவனும் நான்.

துரை என்னிடம் பேசவில்லை. செல்வராணியிடம் சொன்னார்: "அடுத்த முறை படிச்ச ஆளாப் பார்த்துக் கூட்டிட்டு வாம்மா."

முழுப்பேர்

அந்த ஆத்திரத்தில் முழு அறிக்கையையும் என் கண்ணாலேயே வாசித்தேன். பின்பக்கக் குறிப்பொன்றில் இருந்தது விஷயம். நட்டப்பட்ட அந்த மூன்று வருடமும் தாய்க் கம்பனி, தோட்டத்தை நிர்வகிப்பதற்கென்று முகாமைத்துவக் கட்டணத்தை முழுதாக எடுத்திருக்கிறது. அதை எடுக்காவிட்டால் நட்டமே இல்லை. இதை முதலிலேயே வாசிக்காமல் எதற்கு அட்டவணை போட்டேன்?

கொழுந்து நிறை குறைந்தால், நாள் முழுக்க மலையில் நின்றாலும் செல்வராணிக்கு அரைப்பேர்தான். அதாவது பாதிச் சம்பளம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

"நட்டத்திலயும் அவுங்களுக்கு முழுப்பேரா? அந்தத் தாளக் குடுங்க சார். இந்தத் தடவ நீங்க பேசாம நில்லுங்க, நான் கேக்குறேன்."

அவர் கேட்டார், மேலிடத்தில் விசாரிப்பதாகத் துரை சொல்லி மாதங்கள் போய்விட்டன; கூரையில் ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன, திருத்திய என் அட்டவணையில்தான் இப்போது ஓர் ஓட்டைகூட இல்லை.