அட்டை கடித்த கால்

மழையில் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலுக்கு ஏறி வந்தேன். கணுக்காலில் அட்டை கடித்து ரத்தம் நிற்காமல் வழிகிறது. படியிலேயே நின்றுவிட்டேன்.

அம்மாவும் இங்கேதான் நிற்பாள். காலில் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனாலும் அட்டை விடாது. மாலையில் கால் சிவந்திருக்கும். ஞானஸ்நானம் வாங்கச் சொல்லி ஃபாதர் எத்தனையோ முறை கூப்பிட்டார்.

"ரத்தத் தீட்டோட உள்ள வரக்கூடாதுங்க ஃபாதர்."

"ஏசு சாமியும் நமக்காக ரத்தம் சிந்துனவருதானேம்மா?"

"அது சாமி ரத்தங்க. இது என்னோடது."

கடைசியில் ஃபாதரே சொல்லி, சவப்பெட்டியில் வைத்துத்தான் அவளை உள்ளே தூக்கிப்போனோம். கழுவித் துடைத்த கால்கள். ஒரு சொட்டு ரத்தமில்லை.

"நன்மை அப்பம் குடுக்கப் போறாங்க, உள்ள வாங்கண்ணே," என்று ஒரு பெண் கூப்பிடுகிறாள்.

"ரத்தம் நிக்கட்டும்மா," என்கிறேன்.