மேப்புல இல்லாத கப்பல்

வெள்ளவத்தையில எங்கட த்ரீவீல் ஸ்டேண்டுல எனக்கு ஒரு பட்டம் இருக்கு. ஜெனரல். ஆமியில இருந்தவன் எண்டு நினைச்சிராதீங்க. பெருநாளுக்குப் பிள்ளைகள் பட்டாசு கொளுத்தினா, வண்டிக்குள்ள காலைத் தூக்கி வச்சுக்கொண்டு இருக்கிற ஆள் நான். ஆறாம் வகுப்போட ஸ்கூலும் நானும் பேசிப் பிரிஞ்சிட்டம். அதுல ஸ்கூலுக்குத்தான் கூடச் சந்தோசம்.

பட்டம் வந்தது ஃபோனால. சவாரிக்கு ஹயர் ஒண்டும் இல்லாத நேரம் நான் யூடியூப்புல சண்டையைப் பற்றிக் கதைக்கிற ஆக்களைக் கேட்பன். கோட் போட்ட ஒராள், பின்னால உலக மேப், கையில ஒரு குச்சி. எந்த நாட்டுக்கிட்ட எத்தின ட்ரோன் இருக்கு, எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் போகும், எந்தக் கடலை அடைச்சா எங்க பெற்றோல் விலை ஏறும், எல்லாம் சொல்லுவார். காலையில அவர் சொன்னதை மத்தியானம் ஸ்டேண்டுல நான் சொந்த மூளையில இருந்து எடுத்த மாதிரி அவிழ்த்துவிடுவன். ஜிந்துப்பிட்டியில இருந்து வெள்ளவத்தைக்கு வாறதுக்குள்ள மூண்டு தரம் பிழையான லேன்ல மாட்டுறவன், வல்லரசுகள் படையை எந்தப் பக்கத்தால இறக்கவேணும் எண்டு பாடம் எடுப்பன்.

எனக்குப் பக்கத்து வண்டி ஒரு நானாட, முஸ்லிம் ஆக்கள் அண்ணனை அப்பிடித்தான் கூப்பிடுவாங்க. நாப்பது வருசமாக் கொழும்பு ரோட்டுல ஓடுற மனுசன். ஒருநாள் கேட்டார்.

"ஜெனரல், உலகத்துச் சண்டை எல்லாம் செல்றீங்க. நம்மட நாட்டுல சண்டை நடக்கக்குள்ள நீங்க எங்க ஈந்தீங்க?"

"செக் பொயின்ட்ல நானா."

"எந்தப் பக்கம்?"

"கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிற பக்கம்."

அது பகிடி இல்ல. அந்த யுத்தத்துல நான் செய்த ஒரே நடவடிக்கை, ஐடி கார்டை வாயில கவ்விக்கொண்டு ரெண்டு கையையும் தூக்கினதுதான். அதைப் பற்றி நான் ஆய்வு ஒண்டும் செய்யிறதில்ல. அடுத்தவன்ர சண்டையிலதான் எனக்கு வாய் நீளும்.

ஸ்டேண்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில ஒரு அக்கா இருக்கிறா. யாழ்ப்பாணத்துப் பக்கம். காலையில ஒழுங்கை முகப்புல ஒரு மேசை போட்டு இடியப்பம் விப்பா. அவட புருசன் சரக்குக் கப்பல்ல குக். எட்டு மாதம் கடல், ரெண்டு மாதம் வீடு. வீட்டுல நிக்கிற நாட்கள்ல அண்ணை ஸ்டேண்டுக்கு வந்து எங்களோட கதைச்சுக்கொண்டு இருப்பார். கதைப்பார் எண்டு சொன்னாலும், நான் கதைக்க அவர் சிரிப்பார்.

செங்கடல் பக்கம் சரக்குக் கப்பல்களுக்கு அடி விழத் தொடங்கினதும் என்ர மார்க்கெட் ஏறிட்டுது. காலையில பார்சலை விரிச்சு ரெண்டு இடியப்பத்தைத் தள்ளித் தள்ளி வச்சு, நடுவுல சொதியை ஊத்தி, "இந்தப் பக்கம் அரபு நாடு, இது ஆப்பிரிக்கா, இந்தச் சொதி ஓடுற ஒடுக்கத்துக்குள்ளாலதான் கப்பல் வரவேணும், மேல நிண்டு அடிச்சா ஓட இடமில்ல" எண்டு நானாவுக்குக் காட்டிக்கொண்டு இருந்தன். அக்கா மேசைக்கு அங்கால இருந்து பார்த்தா.

"தம்பி, இவர்ட கப்பலும் அதுக்குள்ளாலதான் வருதாம்."

அந்த இடத்துல வாயை மூடியிருக்கவேணும். நான் என்ன செய்தன்? அவட ஃபோனை வாங்கி, கப்பல்கள் எங்க நிக்குதெண்டு காட்டுற அப் ஒண்டை இறக்கிக் குடுத்தன். கப்பல்ட பேரை அடிச்சா கடல்ல சின்ன முக்கோணம் ஒண்டு நகரும். அக்காவுக்கு அது நல்லாப் பிடிச்சிட்டுது. ஒரு தட்டு அவிச்சு இறக்கினா ஒருக்காப் பார்ப்பா. "மனுசன் வீட்டுல நிக்கேக்கை கூட எங்க போறார் எண்டு இவ்வளவு துப்பரவா எனக்குத் தெரியாது" எண்டா. எனக்கு நெஞ்சு இப்பிடி விரிஞ்சுது.

நாலாம் நாள் முக்கோணத்தைக் காணல்ல.

அக்கா மெசேஜ் போட்டா, ஒரு டிக்கோட நிண்டுது. கப்பலுக்கு ஆள் எடுக்கிற ஏஜன்ட்ட கேட்டா, தகவல் வந்தா சொல்லுறம் எண்டாங்களாம். நான் நானாவைக் கூப்பிட்டு, கோட் போட்ட ஆள் மாதிரிக் குரலை இறக்கி, "மேப்புல இருந்து மறைஞ்சா அடிச்சிட்டாங்க நானா. நூத்துக்கு நூறு" எண்டன்.

நானா எனக்குப் பின்னால பார்த்தார். திரும்பினா அக்கா நிக்கிறா, கையில எனக்குக் கொண்டுவந்த பார்சலோட. பார்சலை சீட்டுல வச்சிட்டுப் போயிட்டா. அதை நான் சாப்பிட்டனான் எண்டு சொல்ல வெக்கமா இருக்கு. அரைவாசிதான்.

அடுத்த நாள் மேசை இல்ல. நானா பகிடி விடல்ல. "ஒன்ட வாய்க்கு ஒரு செக் பொயின்ட் போட்டிருக்கணும்" எண்டார், அவ்வளவுதான். நான் அக்காட வீட்டு வாசல்ல போய் நிண்டன். அவ கேட்டைத் திறக்கல்ல.

"அக்கா, நான் சும்மா சொன்னது."

"ஒராளைக் காணேல்லை எண்டா என்ன அர்த்தம் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. என்ர கூடப் பிறந்தவனையும் அப்பிடித்தான் சொன்னவை. இண்டைக்கும் காணேல்லைதான். நீ போ."

திரும்பி வந்து வண்டிக்குள்ள இருந்தன். காணல்ல எண்ட சொல்லு எங்கட நாட்டுல எவ்வளவு பாரம் எண்டு எனக்குத் தெரியாதா? நானும் இந்த நாட்டு ஆள்தானே. குச்சி பிடிச்ச கோட்டுக்காரன் பேசுற மாதிரிப் பேசினதுல மறந்துபோயிட்டன்.

மத்தியானம் ஃபோன்ல ஹயர் அப்புல ஒரு ஹயர் விழுந்தது. எடுத்திட்டு எங்க போறதெண்டு பார்த்தா ஹெந்தளை, கொழும்பைத் தாண்டி மற்ற அந்தம். அந்த நேரத்து ட்ரெஃபிக்ல ஹெந்தளை எண்டா திரும்பி வர பொழுது பட்டிடும். இதுக்கு எங்கட தொழில்ல ஒரு வழி இருக்கு, பெருமைப்படுற மாதிரி இல்ல. ஹயரை நாங்க வெட்டினா எங்களுக்கு மார்க் குறையும். அதால டேட்டாவை ஓஃப் பண்ணிப்போட்டுப் பேசாம இருப்பம். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் பயணியே வெட்டிடும். கை தானாப் போய் ஓஃப் பண்ணிட்டுது.

கொஞ்ச நேரத்துல கோல் வந்தது. ஒரு நங்கி, சிங்களத் தங்கச்சி. "அய்யே, ஒயாவ மெப் எகே பேன்னே நெஹெனே" எண்டா. அண்ணே, உங்களை மேப்புல காணல்லயே எண்டு.

என்னைக் காணல்ல. ஆனா நான் இங்க, சீட்டுல, வடை ஒண்டைக் கடிச்சுக்கொண்டு, உயிரோட இருக்கிறன். ஏன் காணல்ல? நானே ஓஃப் பண்ணினது. ஏன் ஓஃப் பண்ணினன்? பயத்துல, ஆர் கண்ணுலயும் படக்கூடாதெண்டு.

அப்பதான் ஞாபகம் வந்தது. அடி விழுற கடல்ல கப்பல்கள் தங்கட இடத்தைக் காட்டுற மெசினை நிப்பாட்டிப்போட்டுப் போறதைப் பற்றி கோட் போட்ட ஆள் முழு வீடியோவே போட்டவர். நாப்பது நிமிசம். நான் ஏவுகணை வெடிக்கிற இடத்துக்கு இழுத்துவிட்டுப் பார்த்தனான்.

"நானா, ஹெந்தளைக்கு ஒரு ஹயர், நங்கிட நம்பர் தாறன், நீங்க எடுங்க."

"ஹெந்தளைக்கா? என்னோட ஒனக்கு என்னடா கோவம்?"

"பிறகு சொல்றன் நானா."

அக்காட கேட்டுக்கு ஓடினன். விசயத்தைச் சொன்னன். அவ கதவைப் பிடிச்சுக்கொண்டு கேட்டா. "நேற்றும் நீ இப்பிடி நம்புற மாதிரித்தான் சொன்னனி" எண்டா. நியாயம்தானே. நான் டேட்டாவைத் திரும்பப் போட்டு, அவட ஃபோனுக்கு என்ர இடத்தை அனுப்பினன், வாட்ஸ்அப்புல நகருற மாதிரி. "இதைப் பாருங்க" எண்டிட்டு வண்டியை எடுத்து ரயில் ரோட்டுப் பக்கம் போய், கடலுக்குக் கிட்ட வச்சு அந்த இடம் காட்டுறதை நிப்பாட்டிப்போட்டு, திரும்பி வந்தன்.

"நான் எங்க அக்கா?"

"கடற்கரையோட மறைஞ்சிட்டாய்."

"அப்ப நான் செத்துட்டனா?"

என்னை மேலயும் கீழயும் பார்த்தா. "இல்லைத்தான் போல. எங்களுக்கு அவ்வளவு அதிஷ்டம் இல்லை."

அக்கா என்னைத் திட்டினதுல எனக்குக் கண் கலங்கிட்டுது. பிறகு அவ மெதுவாக் கேட்டா, "அப்ப அவர் இருக்கிறார் எண்டு சொல்லுறியே?"

"தெரியாது அக்கா. ஆனா மேப்புல இல்லாதவன் எல்லாம் செத்தவன் இல்ல. அப்பிடியெண்டா நான் கிழமைக்கு ரெண்டு தரம் சாகவேணும்."

அடுத்த நாள் மேசை வந்தது. இடியப்பம் கொஞ்சம் இறுக்கமா இருந்தது, ஆரும் குறை சொல்லல்ல. அக்கா ஃபோனைத் தட்டுக்குப் பக்கத்துல நிமித்தி வச்சிருந்தா. ஹயர் வந்தாலும் நானாவும் நானும் அந்தப் பக்கம் ஒருக்காப் பார்த்திட்டுத்தான் போனம்.

அதுக்கு அடுத்த நாள் காலை, ஆக்கள் சுத்தி நிக்கிற நேரம், ஃபோன் அடிச்சது. அண்ணைதான். கப்டன் எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லிட்டாராம், கப்பல்ட வைஃபையைக் கூட. ஆபத்தான இடம் தாண்டிட்டுதாம். அக்கா மேசையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டா, ஓம் ஓம் எண்டு மட்டும் சொன்னா. பிறகு ஃபோனை என்னட்ட நீட்டினா.

"ஜெனரல் இருக்கிறாரோ?" எண்டார் அண்ணை.

"இருக்கிறன் அண்ணை. அங்க நிலைமை எப்பிடி?"

"நிலைமை மோசம்தான். வெங்காயம் முடிஞ்சுது. வெங்காயம் இல்லாம இருபது பேருக்குக் கறி வைக்கிறன்."

கோட் போட்ட ஆளிட்ட இந்தத் தகவல் இருக்கவே இருக்காது.

ஃபோனைக் குடுத்தன். அக்கா அதைத் துடைச்சு மடியில வச்சிட்டு, ஒரு தட்டை இறக்கி ஆவி பறக்கப் பறக்க என்ர பார்சலைக் கட்டினா. "சரி ஜெனரல், இந்தச் சண்டை எப்ப முடியும்? இவர் வரத் தை மாதம் ஆகுமாம், அதுக்குள்ள முடியுமோ?"

எனக்கு வாய் வரைக்கும் வந்தது, மூண்டு காரணம், ரெண்டு வழி, எல்லாம். விழுங்கினன்.

"தெரியாது அக்கா. ஆனா அண்ணை வருவார்."

"நேரத்தைக் குறிச்சு வைங்க" எண்டார் நானா பக்கத்துல இருந்தவங்களிட்ட. "இவன் தெரியாதெண்டு செல்லிட்டான்."

என்ர ஃபோன் கத்தினது. ஹயர். பார்த்தன், ஹெந்தளை. நானா என்ர கையைப் பார்த்தார், அக்காவும் பார்த்தா. டேட்டா கிட்டப் போன விரலை எடுத்து, பார்சலைத் தூக்கிப் பின் சீட்டுல வச்சிட்டு, வண்டியை ஸ்டார்ட் பண்ணினன்.