மூன்றாம் மாடிக் கைவிசேஷம்

1. டோயினின் அம்மப்பா மெல்பேர்னிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து மகளின் கதவடியில் நின்றார்.
2. மகள் கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.
3. அவரும் உள்ளே வரவில்லை.
4. நான் அவர் காலில் விழுந்தேன்.

நான்காவதற்கு மட்டும் விளக்கம் தேவை.

அது 2011 சித்திரை வருஷப்பிறப்பு. எனக்கு எட்டு வயது. சிட்னியில், வெஸ்ட்மீட்டில் ஒரு அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் இருந்தோம். எதிர்க்கதவு டோயின் வீடு. நைஜீரியாவிலிருந்து வந்த குடும்பம். டோயின் என் வகுப்பு. அவளுடைய அம்மாவை நான் அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். தகப்பன் வேண்டாம் என்று சொன்னவரையே அன்ரி கட்டியிருந்தார். தகப்பன் கலியாணத்துக்கு வரவில்லை. பேத்தி பிறந்தபோதும் வரவில்லை. மெல்பேர்னில் மகன் வீட்டில் இருந்துகொண்டு, சிட்னி என்று ஒரு நகரம் இருப்பதையே ஒப்புக்கொள்ளாமல் இருந்தவர், அன்றுதான் முதல்தடவை வந்திருந்தார். அவர்கள் வழக்கப்படி மகள் தகப்பனை முழந்தாளிட்டு வரவேற்க வேண்டும். அன்ரி முழந்தாளிடுவதாக இல்லை. அப்படி வரவேற்காத வீட்டுக்குள் அவர் கால்வைப்பதாகவும் இல்லை.

இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வருஷப்பிறப்பன்று வயதானவர்கள் காலில் விழுந்தால் கைவிசேஷமாகக் காசு கிடைக்கும். காலையிலேயே பக்கத்து ஊரான நார்த்மீட் போய், அங்கிருந்த எங்கள் தமிழ் அன்ரி, அங்கிள்மார் எல்லோருடைய காலிலும் விழுந்து எழும்பி நல்ல பயிற்சியில் இருந்தேன்.

மத்தியானம் அம்மா பயற்றம் பணியாரத் தட்டை என்னிடம் நீட்டினார். "அன்ரியிட்டைக் குடுத்துப்போட்டு ஓடி வா. நிண்டு அலட்டாதை."

வெளியே நீல அங்கியும் தொப்பியுமாக ஒரு முதியவர் நின்றார். பின்னேர பஸ்ஸில் திரும்பிவிடுவதாக ஆங்கிலத்தில் சொன்னார். அது உங்கள் விருப்பம் என்றார், கதவில் கைகட்டி நின்ற அன்ரி. முதியவர் பெட்டியைத் தூக்கினார். இன்னும் ஒரு நிமிடத்தில் ஒரு கைவிசேஷம் படியிறங்கிப் போய்விடும். தட்டைத் தரையில் வைத்துவிட்டு, நெற்றி கார்பெட்டில் படும்படி விழுந்தேன்.

அவர் திடுக்கிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பிறகு பெட்டியை வைத்துவிட்டு, என் தலையில் கைவைத்து, தன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். சொல்லி முடித்த பிறகும் நான் எழும்பவில்லை. உள்ளங்கையை மட்டும் நீட்டினேன்.

"ஷீ வோன்ட்ஸ் மணி," என்று உள்ளேயிருந்து விளக்கினாள் டோயின்.

அவர் வெடித்துச் சிரித்து, ஐந்து டொலர் தாளொன்றை என் கையில் வைத்தார்.

"மீ டூ!" தாயின் கைக்குக் கீழால் நுழைந்து வந்த டோயின் என் பக்கத்தில் விழுந்தாள். அவளுடைய பின்னல் மணிகள் சடசடத்தன.

அவர் பொக்கற்றுக்குள் கைவிடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுவரைப் பிடித்தபடி மெல்ல மெல்ல இறங்கி, தரையிலேயே உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அவள் முகத்தை ஏந்தினார்.

இறங்கியவரால் எழும்பத்தான் முடியவில்லை.

"டாடி! ஃப்ளோர் எல்லாம் ஊத்தை!" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு வந்த அன்ரி, இரண்டு முழந்தாளையும் தரையில் ஊன்றி அவருக்குத் தோள்கொடுத்தார். அவர் உடனே எழும்பவில்லை. அன்ரியும் அவசரப்படுத்தவில்லை.

வீட்டில் என் கையில் தாளைக் கண்டதும் அம்மாவுக்குக் கோபம் ஏறிவிட்டது. "ஆரெண்டே தெரியாத மனுசன்ரை காலிலை விழுந்து காசு வாங்கினனியோ? மானம் போச்சு! கொண்டுபோய்க் குடு!"

திரும்பப் போனபோது எதிர்க்கதவு திறந்தே கிடந்தது. அவர் வரவேற்பறைச் செற்றியில் உட்கார்ந்து பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்ரி அவருடைய அங்கியில் ஒட்டிய தூசியைத் தட்டித் தட்டி ஏசிக்கொண்டிருந்தார். காசை முதியவர் வாங்க மறுத்துவிட்டார். எங்கள் பணியாரத்தின் ருசிக்காகத்தான் அவர் உள்ளே வந்தார் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அன்ரி அன்று முழந்தாளிட்டது வரவேற்கவா, தூக்கிவிடவா என்று தகப்பனும் மகளும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லையாம். அவர் இப்போது அன்ரி வீட்டோடுதான் இருக்கிறார். டிவிச் சத்தத்துக்காகத் தினமும் சண்டை நடக்கிறது.